இராக்கம்மாவின் கைகள்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அப்புத்தளை ரயில் நிலையத்தில். பதுளை ரயில் தாமதம். பக்கத்தில் இருந்த யசோதினி மடிக்கணினித் திரையில் ஒரு கையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். யாருடையது என்று கேட்டேன். எல்லாம் சொன்னாள், எழுதவும் அனுமதித்தாள். முதல் நன்றி அவளுக்கு.

2
தொடக்கம்: மூடுபனி மலையை மெல்லத் தழுவ…

(வேண்டாம். பனிக்கு இதில் வேலையில்லை.)

மறுபடியும். யசோதினி வீடியோ கேம்களுக்கு உருவங்கள் செய்பவள். கொழும்பு நிறுவனமொன்றின் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். ஒரு கேமுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் தேவைப்பட்டாள். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இராக்கம்மாவிடம் கேட்டு, அவர் கைகளை எல்லாக் கோணத்திலும் படமெடுத்து, அந்தப் படங்களையே கணினி உருவத்துக்குத் தோலாகப் போர்த்தினாள். விரல் ரேகைகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஓடியது.

3
கை அழுக்காகத் தெரிகிறது, துடைத்துவிடு என்றார் அவளுடைய மேலாளர் அர்ஷாத். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் இடம்கொடுக்கவில்லை.) அது உழைப்பின் கறை, எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றாள் யசோதினி. இரண்டு வாரம் கழித்து அர்ஷாத் விட்டுக்கொடுத்தார்.

(இங்கேயே நிறுத்தியிருந்தால் ஒழுங்கான கதை.)

4
வென்ற சந்தோஷத்தில் இராக்கம்மாவை அழைத்துத் திரையைக் காட்டினாள்.

"இந்தக் கறைய எடுக்க முடியுமா புள்ள?"

"ஏங்க்கா? அதானே ஒங்க கை."

"முப்பது வருசமா தேய்க்கிறேன், போகல. ஒன்னால முடியும்னா எடுத்துரு."

யசோதினி பதில் தேடித் தவித்து, உள்ளுக்குள்…

(ஐந்து முறை எழுதிய வாக்கியம். அவள் சொன்னது, வெட்கமாக இருந்தது என்று மட்டும்தான்.) கறைக்காகச் சண்டை போட்டவள், கைக்குரியவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து, ரேகை ரேகையாகக் கறையை நீக்கினாள். பிறகு இரண்டு கைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள். அவர் சொல்வதைத்தான் அனுப்புவதாகச் சொன்னாள்.

"எத்தனையோ பேரு ரோட்டுல வண்டிய நிறுத்தி எறங்கி என்னயப் படம் புடிச்சிருக்காங்க. எதப் போடட்டும்னு நீதான் கேட்ட" என்றார் இராக்கம்மா. அவள் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, திரையில் ஒன்றைத் தொட்டார். அதுவே கேமுக்குப் போனது.

5
எதை? இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். கறையோடு முடித்தால் உழைப்பைப் போற்றிய பெருமை எனக்கு. கறையில்லாமல் முடித்தால் ஓர் ஆசையை மதித்த பெருமையும் எனக்கே. சரிப்படவில்லை. இராக்கம்மாவிடமே போனேன். தேத்தண்ணி கொடுத்தார். கதையை எழுதலாம், எந்தக் கை என்பதை மட்டும் எழுத வேண்டாம் என்றார்.

கேம் வெளியாகிவிட்டது. அந்தப் பெண் நான்கு நொடிதான் வருவார். நீங்கள் விளையாடினால், ஓடாமல் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். முடிவு அவர் கையில் இருக்கிறது.