பாலனுக்கு விழுந்த கட்சி

சண்டையில் நாட்டைப் பிடித்த ஜப்பானியர் ஆங்கிலப் பள்ளியை மூடிவிட்டதில், சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு வாய்தான் மிச்சம். அந்த வாய்க்கு வேலை வேண்டாமா? பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் விவாதக் கழகம் நடத்தினார்கள். பள்ளியில் பழகிய சட்டம் அப்படியே. தலைப்பு ஒன்று, கட்சி இரண்டு. யாருக்கு எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். உன் மனதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. விழுந்த கட்சிக்கு வாதாடி ஜெயிக்க வேண்டும். இதில் பாலனை அடிக்க ஆளில்லை. பதினேழு வயது. அந்த நினைப்பும் அவனுக்கு நிறையவே உண்டு.

1943இல் ஒரு ஞாயிறு, தலைப்பு ‘பிழைப்புக்கு வெளியூர் போகலாமா, கூடாதா’. வெளியூர் என்றால் சயாம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அங்கே ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலனுக்குப் ‘போகலாம்’ விழுந்தது. போகவே கூடாது என்பதுதான் அவன் எண்ணம். போனவர்களிடமிருந்து ஒரு கடிதாசிகூட வரவில்லை என்று அப்பா வீட்டில் முணுமுணுத்ததைக் கேட்டிருந்தான்.

‘கூடாது’ விழுந்த தங்கமணி, ஜப்பானியர் காதில் போய் விழுமோ என்று பயந்து, கொசுக்கடியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தான். பாலன் எழுந்தான். மூன்று மாத வேலை, வயிறார அரிசிச் சோறு, திரும்பி வரும்போது பெண்டாட்டிக்குப் புடவை என்று அடுக்கினான். மரவள்ளிக்கிழங்கு தின்று நாக்குச் செத்த ஜனம், சோறு என்றதுமே கைதட்டியது.

வெயிலுக்கு ஒதுங்கிக் கடைசியில் நின்று கேட்டவர்களில் ஒருவர் அய்யாவு. ரப்பர் தோட்டத்தில் வேலை நின்றுபோய், பிரிக்பீல்ட்ஸில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். சீட்டுக் குலுக்கியதெல்லாம் அவர் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. படித்த பிள்ளை எழுந்து நின்று போகலாம் என்கிறது. அவருக்கு அது போதும்.

மறுவாரம் பாசாரில் கிழங்கு வாங்க நின்ற பாலனைக் கண்டதும் அய்யாவு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, சயாமுக்குப் பேரு குடுத்துட்டேன். பயமாதான் இருந்துச்சு. நீங்க பேசுனதக் கேட்டப்பறம் பயம் போயிருச்சு லா.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆட்களை ஏற்றிப்போக இன்னும் நாலு நாள் இருந்தது. ‘ஐயோ அண்ணே, அது சும்மா போட்டிக்குப் பேசினது, நம்பாதீங்க’ என்று ஒரு வார்த்தை. ஆனால் பக்கத்தில் தங்கமணி நின்றான். வயதில் பெரியவர் ஒருவர் தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவன் பார்க்கிறான் என்பது பாலனுக்கு வெல்லமாக இனித்தது.

“நல்லபடியா போயிட்டு வாங்கண்ணே” என்றான், மேடைக் குரலில்.

வெட்கம் அன்றைக்கு வரவில்லை. போனவர்கள் கதை அரசல்புரசலாகக் காதில் விழத் தொடங்கியபோது வந்தது. பிறகு போகவே இல்லை. கழகத்தை விட்டான். அய்யாவு வீட்டுச் சந்து வழியே நடப்பதையும் விட்டான்.

சண்டை முடிந்து, 1945 கடைசியில், சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் அய்யாவு காலராவில் செத்துப்போன செய்தியைக் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் அய்யாவுவின் மனைவி மாரியாயி பாலன் வீட்டு வாசலில் நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“கருமாதிக்கு நாள் பாத்திருக்கோம் தம்பி. கெளம்புறப்பகூட ஒங்க பேச்சத்தான் சொல்லிக்கிட்டே போனாரு. நீங்க வந்து நாலு வார்த்த பேசணும்.”

பாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அக்கா, அன்னிக்கு நான் நம்பிப் பேசல. சீட்டு அப்படி விழுந்துச்சு.”

“சீட்டா? என்ன சீட்டு?”

குலுக்கல் முறையை ஒன்றும் விடாமல் சொன்னான். பாசாரில் வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னான்.

“அப்ப, மாத்தி விழுந்திருந்தா?”

“போகாதீங்கன்னு பேசியிருப்பேன்.”

“இதே மாதிரி நல்லாவா?”

“இதே மாதிரிதாங்க்கா.”

மாரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். நாலடி போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“கருமாதிக்கு வாங்க தம்பி. சாப்பிட்டுட்டுப் போங்க. பேச மட்டும் வேணாம்.”