மிருதுளாவின் ஞாபகசக்தி

காலை ஏழிலிருந்து பத்து மணி வரை பெங்களூர்த் தமிழர்களின் துக்கங்களைக் கேட்டு ஆறுதல் சொல்வது ரகுராமின் வேலை. ஆறு வருடமாக ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டதுதான் கிடையாது.

'காதோரம்' என்பது கைப்பேசிச் செயலியில் ஒலிக்கும் தமிழ் வானொலி. வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் அதன் ஸ்டுடியோ. அங்கே உட்கார்ந்து ரகுராம் நடத்திய 'எழுந்தாச்சா?' நிகழ்ச்சிக்கு நேயர்கள் போன் போட்டு மூட்டுவலி, மாமியார், வராத தண்ணீர் லாரி, வந்துவிட்ட மைத்துனன் என்று வரிசையாகக் கொட்டுவார்கள்; பாட்டு ஓடும்போது சொல்வதால் அது ஒலிபரப்பாகாது, பதிவில் மட்டும் இருக்கும். அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்கிவிட்டு, உப்புமாவும் கேசரியும் சேர்ந்த சௌசௌபாத் சாப்பிடுவான். மறுமுனையில் பேச்சு நின்றால் "அய்யய்யோ" என்பான். இன்னொரு தடவை நின்றால் "அப்புறம்?" என்பான். அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வெந்நீர் ஒத்தடம் மாதிரி ஒரு குரலை ஆண்டவன் கொடுத்திருந்தான். மிச்சத்தை அந்தக் குரலே பார்த்துக்கொண்டது.

நிகழ்ச்சித் தலைவி ஸ்னேஹா கெட்ட செய்தி சொல்வதாக இருந்தால் கையில் காபியோடு வருவாள். அன்றைக்கு இரண்டு காபியோடு வந்தாள்.

"ரகு, நாம ஒரு ஏஐ அனௌன்சர் கொண்டு வரோம். பேரு மிருதுளா. இது ரீப்ளேஸ்மென்ட் இல்ல, ஓகே? உங்களோட டேலன்ட்டை ஸ்கேல் பண்றோம், அவ்ளோதான்."

"ஸ்கேல் பண்றதுன்னா?"

"உங்க ஆறு வருஷ ரெக்கார்டிங் மொத்தத்தையும் அவளுக்குக் குடுத்தாச்சு. ஒவ்வொரு காலரும் என்ன சொன்னாங்க, எந்தத் தேதில சொன்னாங்க, எல்லாமே அவளுக்கு அத்துப்படி. ரெண்டு வாரம் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஷோ பண்ணுங்க. அப்புறம் பாக்கலாம்."

'அப்புறம் பாக்கலாம்' என்பதன் அர்த்தம் ரகுராமுக்குப் புரிந்தது. இருந்தாலும் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். ஒரு மெஷின் எத்தனை தடவை "அய்யய்யோ" சொல்லிவிட முடியும்?

முதல் நாளே நீலசந்திராவிலிருந்து சந்திரம்மா கூப்பிட்டாள். புடவைக்கு ஃபால் தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தினமும் தவறாமல் 'காதோரம்' ஓடும். அவள் குரலைக் கேட்டதும் ரகுராம் வழக்கமான ஒத்தடத்தை எடுத்தான்.

"சந்திரம்மாக்கா! எப்படி இருக்கீங்க? வீட்டுக்காரரு நல்லா இருக்காரா?"

சந்திரம்மா பதில் சொல்வதற்குள் மிருதுளாவின் குரல் பூப்போல வந்தது.

"அவர் ஜனவரி பத்தொன்பதாம் தேதியே வீட்டை விட்டுப் போயிட்டாரே ரகு. அக்கா நம்மகிட்டதானே முதல்ல சொன்னாங்க. நீங்ககூட 'சூப்பர்க்கா, என்ன பாட்டு வேணும்'னு கேட்டீங்க. அக்கா, இப்ப ராத்திரியில தூக்கம் வருதா?"

"அடி என் கண்ணே, ஞாபகம் வச்சிருக்கியேம்மா" என்றாள். சந்திரம்மா அழுகையும் சிரிப்புமாக ஐந்து நிமிடம் பேசினாள். ரகுராமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செயலியில் இதயப் படங்கள் மழையாகக் கொட்டின. 'மனுஷனைவிட மெஷினுக்கு மனசு இருக்கு' என்று ஒருவர் எழுத, அதை எண்ணூறு பேர் ஆமோதித்தார்கள். ரகுராமின் வாயில் இருந்த சௌசௌபாத் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

இரண்டு வாரம் என்றது ஒன்பது நாளில் முடிந்தது. வழியனுப்பு விழாவில் கேக் வெட்டினார்கள். மிருதுளாவே ஸ்பீக்கரில் வாழ்த்தினாள்: "ஆறு வருஷத்துல நூத்து நாப்பத்திரண்டு நாள் லேட்டா வந்தாலும், சிரிச்ச முகமா வந்தவர் நம்ம ரகு." எல்லாரும் கை தட்டினார்கள். ரகுராமும் தட்டினான், வேறு என்ன செய்வது?

முதல் இரண்டு வாரம் மிருதுளாவின் ராஜ்ஜியம் கொடிகட்டிப் பறந்தது. மூன்றாவது வாரம்தான் ஓஸ்வால்ட் போன் போட்டான்.

ஓஸ்வால்ட் ஐடி கம்பெனிக்கு ஷட்டில் வேன் ஓட்டுகிறவன். சிக்னலில் வண்டி நிற்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் பாட்டுக் கேட்பது அவன் வழக்கம். அன்று பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து சீட்டில் போக்குவரத்து சூப்பர்வைசர்.

"வணக்கம் ஓஸ்வால்ட் அண்ணா! டெங்கு தேவலையா?" என்றாள் மிருதுளா, நிஜமான அக்கறையோடு. "சூப்பர்வைசர்கிட்ட டெங்குன்னு சொல்லிட்டு மச்சான் நிச்சயதார்த்தத்துக்குப் போறேன்னு போன மாசம் சொன்னீங்களே. நிச்சயதார்த்தம் நல்லபடியா முடிஞ்சுதா?"

சிக்னல் பச்சையானது. வண்டி நகரவில்லை. அன்று சாயங்காலமே வேன் சாவி ஓஸ்வால்டின் கையிலிருந்து போனது.

அந்த வாரமே சந்திரம்மா வீட்டில் மருமகள் பாமாவுக்குப் பிறந்தநாள். மிருதுளாமேல் இருந்த பாசத்தில் சந்திரம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, மருமகளுக்கு ஒரு பாட்டு கேட்டாள்.

"பிறந்தநாள் வாழ்த்துகள் பாமா!" என்றாள் மிருதுளா. "அக்கா, ஏப்ரல் நாலாம் தேதி 'அவ வைக்கிற ரசத்தை நாய்கூட மோந்து பாக்காது'ன்னு வருத்தப்பட்டீங்க. இப்ப ரசம் முன்னேறிடுச்சா?"

பாமா கேக் கத்தியைக் கீழே வைத்தாள். பையை எடுத்தாள். ஓசூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அதோடு போன்கள் நின்றன. நாற்பது பேர் வரிசையில் காத்திருக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு ஈ, காக்காய்கூடக் கூப்பிடவில்லை. மிருதுளா மனம் தளர்கிற ஜாதி இல்லையே. அவளே நேயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். "நீங்க பதினோரு நாளா பேசலையே, வீட்ல யாராச்சும் திட்டினாங்களா?" ஜனங்கள் கடன் வசூல்காரனுக்குப் பயப்படுவதைப்போல அந்த எண்ணுக்குப் பயந்தார்கள். மூன்று பேர் சிம் கார்டையே மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

ரகுராம் அப்போது கல்யாண ரிசப்ஷன்களில் மைக் பிடித்து "மணமகன் வீட்டார் சாப்பிட வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்னேஹா கூப்பிட்டாள்.

"ரகு, மிருதுளாவுக்கு ஒரு சின்ன கேப் இருக்கு. அவ சாரி சொன்னா யாருக்கும் நம்பிக்கை வரமாட்டேங்குது. உங்க வாய்ஸ்ல வேணும். லைட் சாரி, மீடியம் சாரி, டீப் சாரின்னு நூறு வெரைட்டி."

"தப்பு பண்ணது அது. மன்னிப்பு நான் கேக்கணுமா?"

"இதுதான் ஹ்யூமன் டச் ரகு."

வீட்டு வாடகையும் ஹ்யூமன் டச் கேட்டதால் ரகுராம் போனான். ஒரு நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நூறு விதமாக மன்னிப்புக் கேட்டான். அறுபதாவது தடவை அவனுக்கே தான் ஏதோ கொலை செய்துவிட்டதாகத் தோன்ற ஆரம்பித்தது. முடித்து எழுந்ததும் ஸ்னேஹா ஒரு பழக்கூடையைக் கையில் கொடுத்தாள். 'காதோரம்' என்று ரிப்பனில் அச்சடித்திருந்தது.

"நீலசந்திரா போய் அந்த சந்திரம்மாகிட்ட நேர்லயே சாரி கேட்டுட்டு வாங்க. அவங்க ஏரியாவே நம்ம ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டிருக்கு. அப்படியே ஒரு ரீல் எடுத்துடுங்க. அவங்க கண்ணீர் வந்தா நல்லா இருக்கும்."

மறுநாள் காலையில் சந்துக்குள் சந்து நுழைந்து, விசாரித்து விசாரித்து, ரகுராம் போய்ச் சேர்ந்தான். சந்திரம்மாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். ஐம்பது வயது இருக்கும், உதட்டில் ஊசி. அவன் வாயைத் திறந்ததுமே குரலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"சூப்பர்க்காவா? வாப்பா. அந்தப் போனை முதல்ல உள்ள வை. படம் கிடம் எடுத்தே, கத்திரிக்கோலு இங்கதான் இருக்குது."

அவன் போனைப் பையில் போட்டான். ஒத்திகை பார்த்து வைத்திருந்த 'டீப் சாரி' ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா, அந்த மெஷின் அப்படிச் சொன்னதுக்கு..."

"அந்தப் பொண்ணை விடு. மொதோ நாளு அது பேசினப்போ எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? பொய் சொல்லக் கூடாது. பெத்த புள்ளைகூட தூக்கம் வருதான்னு கேக்கலை, அது கேட்டுச்சு. ஆனா எல்லாத்தையும் எழுதி வச்சுக்கினு வந்து நடுக்கூடத்துல படிச்சா எப்படிப்பா?"

"நான் உங்ககிட்ட சரியா பேசினதே இல்லக்கா. நீங்க சொன்னது எதையுமே..."

"கேக்கலை. தெரியும்."

"தெரியுமா?"

"காலு முறிஞ்சு கட்டு போட்டிருக்குதுன்னு சொன்னா 'அப்புறம்'னு கேட்ட ஆளு நீ. சட்டினி நக்கற சத்தமே கேக்கும்பா." ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தாள். "அதனாலதான் உன்கிட்ட சொன்னது. கேக்கற ஆளுகிட்ட சொல்ல முடியுமா? தெருவுல போய் வத்தி வச்சிடுவாளுங்க. உன்கிட்ட சொன்னா கெணத்துல போட்ட கல்லு. சும்மனே சொல்லிட்டு, ஒரு பாட்டைக் கேட்டுட்டு, வேலையப் பாக்கலாம். காது கேக்காத சாமிகிட்ட வேண்டிக்கற மாதிரி."

ரகுராமுக்கு இதற்குப் பெருமைப்படுவதா, தூக்கு மாட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆறு வருடம் நேயர்களை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தான். இங்கே வந்து பார்த்தால், தெரிந்தேதான் பேசியிருக்கிறார்கள். நாற்பது பேர் வரிசையில் நின்றது அவனுடைய குரலுக்காக அல்ல, அவனுடைய செவிட்டுத்தனத்துக்காக.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் காபி டம்ளரோடு வந்தாள். பாமாதான். ஓசூரிலிருந்து திரும்பி நாலு நாள் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரன் போய்க் காலில் விழாத குறையாகக் கூட்டி வந்திருந்தான். டம்ளரை நீட்டியபடியே, மாமியாரைப் பார்க்காமல், அவனைக் கேட்டாள்:

"சார், நீங்கதான் அத்தைகிட்ட ஆறு வருசமா பேசினவரு. ரசம் ஒண்ணைப் பத்தி மட்டும் சொல்லியிருக்க மாட்டாங்க. என்னைப் பத்தி வேற என்னென்ன சொன்னாங்க? ஒளிக்காம சொல்லுங்க."

சந்திரம்மாவின் கை தையல் மெஷின் சக்கரத்தின்மேல் அப்படியே நின்றது.

ரகுராம் யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே முயற்சி செய்து யோசித்தான். ஒரு வரி, ஒரு சொல், ஒரு பெயர்? ஒன்றுமில்லை. சௌசௌபாத்தின் ருசி மட்டும்தான் நாக்கில் வந்தது.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க."

இவ்வளவு உண்மையான முகத்தைப் பாமா சமீபத்தில் பார்த்ததில்லை. நம்பினாள். "காபி ஆறுது, குடிங்க" என்றுவிட்டு உள்ளே போனாள். சந்திரம்மா நீளமாக மூச்சு விட்டாள். பழக்கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துப் புடவையில் துடைத்து அவனிடமே கொடுத்தாள்.

ரீல் எங்கே என்று கேட்ட ஸ்னேஹாவிடம் ரகுராம் நடந்ததைச் சொன்னான். அவமானம் அவனைச் சொல்ல வைத்தது; அவள் பதறுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ பேனாவைத் தேடினாள்.

"ரகு, இது கோல்டு! மறதிதான் ஃபீச்சர்!"

மறுவாரம் முதலீட்டாளர்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். மிருதுளாவின் நினைவு அன்றன்றைக்கே அழிக்கப்படும். 'மனித மறதித் தொழில்நுட்பம், உலகில் முதன்முறையாக' என்று போட்டு ஸ்னேஹாவின் புகைப்படத்தோடு செய்தியும் வந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்விக்கு 'ஆழ்ந்த நேயர் ஆய்வு' என்று பதில் கொடுத்திருந்தார்கள். அந்த ஆய்வுக்குக் கூலியாக ரகுராமுக்கு வாராவாரம் சனிக்கிழமை காலை நிகழ்ச்சி கிடைத்தது. மற்ற நாளெல்லாம் மிருதுளா. நேயர்கள் மெல்லத் திரும்பினார்கள். எண்ணிப் பார்த்தபோது சனிக்கிழமைக்கும் மற்ற நாட்களுக்கும் கேட்பவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கணக்கை ரகுராமிடம் யாரும் மறைக்கவில்லை; சுவரிலேயே ஒட்டியிருந்தது.

ஒரே ஒரு மாற்றம் வந்தது, அது யாருக்கும் தெரியாது. சந்திரம்மா வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து ரகுராமுக்கு ஹெட்போனை இறக்க முடியவில்லை. பாழாய்ப்போன காது கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை தேசிகன் என்றொருவர் கூப்பிட்டார். குடும்பத்தோடு திருப்பதி மலையேறிக்கொண்டிருப்பதாகவும், வீட்டில் தனியாக விட்டு வந்த அண்ணனுக்கு ஒரு பக்திப் பாட்டு வேண்டும் என்றும் உருகினார். அவர் குரலுக்குப் பின்னால் பெங்களூர் டவுன் பஸ் கண்டக்டர் "சிவாஜிநகர், சிவாஜிநகர், ஹத்ரி ஹத்ரி" என்று கன்னடத்தில் ஏறச் சொல்லிக் கத்துவது ரகுராமுக்குத் துல்லியமாகக் கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு பெண் "சீக்கிரம் வைங்க, உங்க அண்ணனுக்குக் கேட்டுடப் போவுது" என்று பல்லைக் கடித்தாள்.

ரகுராம் மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"ஆஹா, மலைமேல கூட்டம் ஜாஸ்தியா சார்?"

"பயங்கரக் கூட்டம் ரகு!"

"அய்யய்யோ" என்றான் ரகுராம். பாட்டின் சத்தத்தை மெதுவாக ஏற்றினான்.