லியோ வாசித்ததும் ஊர் எடை பார்த்ததும்

லியோ பியானோ வாசித்ததைக் கேட்டதில் கடலை மண்டி ஆண்டிச்சாமிக்கு ஒரே சாயங்காலத்தில் ஒன்பது கிலோ குறைந்துபோனது. தப்பு முழுக்க லியோவுடையது. ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் அவர். பங்குச் சாமியார் பங்கிராஸின் வெள்ளி விழாவில் ஐந்து நிமிஷம் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கான இசைக்குறிப்புத் தாள்களைத் தயிர் டப்பாவோடு ஒரே பையில் போட்டு, பையைப் பஸ்ஸின் சாமான் தட்டில் விட்டுவிட்டு, வெறுங்கையோடு இறங்கிவந்து பங்கு மண்டபத்துப் பழைய பியானோ முன்னால் உட்கார்ந்தார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து ஓடக் கூச்சப்பட்டுக் கைக்கு வந்ததை வாசித்தார். கச்சேரிக்காரர்கள் அதற்கு மனோதர்மம் என்று மரியாதையான பேர் வைத்திருக்கிறார்கள். லியோவைக் கேட்டால், திருட்டு முழியைப் பத்து விரலுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தேன் என்பார். எப்படி முடிப்பது என்று தெரியாததால் அது நாற்பது நிமிஷம் ஓடியது.

விஷயம் மறுநாள் காலையில்தான் தெரிந்தது. மண்டியைத் திறந்ததும் எடை மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆண்டிச்சாமி தானே அதில் ஏறி நிற்பது வழக்கம். இருபது வருஷமாக எழுபத்தெட்டு காட்டும். காட்டின பிறகுதான் முதல் மூட்டை ஏறும். அன்றைக்கு அறுபத்தொன்பது காட்டியது. மெக்கானிக்கை வரவழைத்து அரை மணி நேரம் திட்டினார். மெக்கானிக் இருபது கிலோ எடைக்கல்லை வைத்தான். மிஷின் இருபது என்றது. ஆண்டிச்சாமியின் உடம்பு இளைக்கவில்லை, பெல்ட்டு அதே ஓட்டையில்தான் மாட்டியது. எடையை மட்டும் காணோம். மூட்டை தூக்குகிறவர்களை ஏற்றிப் பார்த்ததில், விழாவுக்கு வந்த நாலு பேருக்கும் மாறியிருந்தது, வராத மூன்று பேருக்கும் மாறவில்லை. மத்தியானத்துக்குள் மண்டி வாசலில் வரிசை நின்றது. பங்கிராஸ் சாமியாருக்குப் பதினொரு கிலோ குறைந்திருந்தது. தலைமை ஆசிரியை ராஜலட்சுமிக்கு நாலு கிலோ கூடியிருந்தது. இனிமேல் பஸ்ஸில் யாரும் தன்னை இடித்துத் தள்ள முடியாது என்று அவர் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனார். அது ஆடிக் காற்றுக் காலம். ஆண்டிச்சாமி மடியில் இரண்டு கிலோ கல்லைக் கட்டிக்கொண்டு நடமாடினார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லியோவுக்குத் தெரியவேண்டியிருந்தது வேறு. எதிரில் வந்தவரையெல்லாம் நிறுத்தி, வாசிப்பு எப்படி இருந்தது என்று கேட்டார். "ஆறரை கிலோ சார்" என்றார்கள்.

சிரித்துக்கொண்டு திரிந்ததெல்லாம் இரண்டு மாதம்தான். லியோவின் மனைவி சோபியா விழாவன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், ஐந்து மாதக் கர்ப்பம். முந்தின இரண்டும் தங்கவில்லை. மண்டிக்குக் கூப்பிட்டதற்கு, "நான் என்ன கடலை மூட்டையா?" என்று மறுத்துவிட்டாள். ஆனால் மாதாமாதம் கிராம நர்ஸ் பிளெஸ்ஸி எடை பார்த்து அட்டையில் எழுதுவதை யாரும் மறுக்க முடியாது. ஆறாம் மாதம் ஐம்பத்து நாலு. ஏழாம் மாதமும் ஐம்பத்து நாலு. வயிறு வளர்ந்தது, எடை வளரவில்லை. பிள்ளையின் எடையைத் தன் விரல்களே வழித்து எடுத்துவிட்டன என்று லியோ முடிவுகட்டினார். பியானோவைப் பூட்டிச் சாவியைச் சாமியாரிடம் கொடுத்தார். உடம்பு குறைக்கப் புதுக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியாக நழுவினார். தினமும் மூன்று முட்டையும் கைநிறைய பேரீச்சம்பழமுமாக சோபியாவின் முன்னால் போய் நின்றார்.

நான் வாசித்ததால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று சாமியாரைக் கேட்டார், ஜெபிப்போம் என்றார். டாக்டரைக் கேட்டார், ஸ்கேன் எடுப்போம் என்றார். ஆண்டிச்சாமியைக் கேட்டார், அவர் டீ சொன்னார். சோபியாவை மட்டும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். "சாப்டியா, அசதியா இருக்கா" என்று சுற்றிச் சுற்றி வந்தார். அவளும் "ம்" என்றே காலத்தைத் தள்ளினாள்.

ஐப்பசியில் டாக்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். சனிக்கிழமை காலை தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு சோபியா சொன்னாள்: "ஏங்க, பூட்டி வச்சு என்னத்தக் கண்டோம்? நான் மிஷின்ல ஏறி நிக்கிறேன். நீங்க வாசிங்க."

"எறங்குனா?"

"எறங்குனா நிப்பாட்டுங்க. இப்ப மட்டும் என்ன, ஏறிக்கிட்டா இருக்கு?"

பத்து மணிக்கு மண்டி மிஷினை நாலு பேர் மண்டபத்துக்குள் தூக்கிவந்து வைத்தார்கள். சோபியா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கையைப் பிடித்திருந்த பிளெஸ்ஸி, எடை தப்பாகக் காட்டும் என்று விட்டுவிட்டாள். ஐம்பத்து நாலு. தனக்கு இன்னும் குறைந்தால் ஞாயிறு பூசை வைக்க ஆள் இருக்காது என்று தெரிந்தும் சாமியார் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பியானோ சுவரைப் பார்த்து இருந்ததால் லியோவின் முதுகுதான் அவர்களுக்கு. விரல்கள் வியர்த்து வழுக்கின. முதல் ஐந்து நிமிஷம் அவர் வாசித்தது மன்னிப்புக் கேட்பதைப் போலத்தான் இருந்தது. ஒரு கட்டையை அழுத்திவிட்டு அடுத்ததைத் தொடலாமா என்று யோசித்தார். பிறகு யோசிக்க நேரமில்லாமல் போனது. இடது கை ஒரு பக்கம் இறங்கியது, வலது கை அதைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போனது.

"ஏறுதா?" என்றார், வாசித்துக்கொண்டே.

பின்னால் நாலைந்து பேர் மிஷின் பக்கம் நெருங்கிவருகிற காலடி கேட்டது.

"பிளெஸ்ஸி, எறங்குதாம்மா?"

"அங்கிட்டே பாத்து வாசிங்க சார்."

"ஆண்டிச்சாமிண்ணே?"

"ஆகட்டும் வாத்தியாரே, ஆகட்டும்."

அந்தக் குரல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுவதைப் போல இருந்தது. சாமியார் இருமினார். தூணில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது, தரையிலிருந்து அல்ல, கொஞ்சம் மேலே. இறங்கினால் தடுத்திருப்பார்கள், ஏறினால் சொல்லியிருப்பார்கள். இது என்ன மூன்றாவது வகை என்று லியோவுக்கு விளங்கவில்லை. இரண்டு கையையும் எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்தினார்: "இந்த ஊர்ல ஒருத்தராவது நேராப் பதில் சொல்லமாட்டீங்களா?"

மிஷின் மேலிருந்து அசையாமல் சோபியா சொன்னாள்.

"ஐம்பத்தாறு முந்நூறு. ஏறிக்கிட்டுத்தான் இருக்கு, எல்லாரும் வாயடைச்சு நிக்கிறாங்க. புள்ள ஒதைக்குது. இன்னொண்ணு, வாசிப்பு எப்படின்னு ஊரெல்லாம் கேட்டீங்கள்ல, அதையும் சொல்லிர்றேன். ஆரம்பம் நல்லா இல்ல, பயந்து பயந்து வாசிச்சீங்க. பெறகு நல்லா இருந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு. நல்ல எடத்துல கொண்டுபோயி நிப்பாட்டிட்டீங்க."