நாற்பத்து மூன்று கிலோ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் ஊர் வேளாண் கண்காட்சிக்கு இது நாற்பதாவது வருஷம். விழா மலருக்கு ‘வரலாறும் சிறப்பம்சங்களும்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். பதினெட்டு வருஷமாகக் காய்கறி மேஜைக்கு நான்தான் பொறுப்பு. அதனால் எழுதவும் வரும் என்று நினைத்துவிட்டார்.

முதல் தொடக்கம்: “உழவின் பெருமையை உலகுக்கு உணர்த்தும் உன்னத நோக்கத்துடன்…”

[அடித்துவிட்டேன். நோக்கம் அதுவல்ல. கால்நடை டாக்டருக்கு வீடு வீடாகப் போய் ஊசி போட்டு அலுத்துவிட்டது. நல்ல மாட்டுக்குப் பரிசு என்று அறிவித்தார். மாடுகள் எல்லாம் மைதானத்துக்கு வந்தன. ஊசி போட்டார். பரிசு கொடுக்க மறந்துவிட்டார். அதைக் கேட்க அடுத்த வருஷம் எல்லாரும் மறுபடி வந்தார்கள்.]

2

சிறப்பம்சங்கள். டிராக்டரைப் பின்பக்கமாகவே ஓட்டும் போட்டி உண்டு. முட்டைப் போட்டியில் தட்டுக்கு ஆறு முட்டை. நடுவர் ஒன்றை உடைத்துப் பார்ப்பார், மீதி ஐந்தும் அவர் வீட்டுக்குப் போகும். [இதைச் செயலாளர் எடுக்கச் சொல்வார்.]

கூட்டம் அள்ளுவது பூசணிக்குத்தான். யார் காய் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொரு காயும் ஒரு வைக்கோல் வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். வளையத்துக்கு அடியில், பெயர் எழுதி மடித்த அட்டை. நிறுத்து முடித்த பிறகுதான் அட்டையைப் பிரிப்போம்.

3

இங்கே ஒரு பாத்திரம் தேவைப்படுகிறது. ‘தோல்வியைத் தாங்காத கர்வக்காரி’ என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் என் அண்ணி. இந்த மலரை அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறார்.

பதினொரு வருஷத்துக்கு முன் அச்சகத்தின் பின்பக்கம் ஒரு பூசணி வளர்த்தார். அங்கே காகிதம் நிறுக்கும் தராசில் எடை போட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தார். முடிவு சொன்னோம்: முதல் பரிசு சலூன்காரருக்கு, நாற்பத்து மூன்று கிலோ. அண்ணிக்கு இரண்டாவது, முப்பத்தொன்பது.

“அது என் காய் தம்பி. காம்புகிட்ட தழும்பு இருக்கு பாருங்க. நான் நிறுத்துத்தானே எடுத்துட்டு வந்தேன்!”

“தோத்தா ஒத்துக்கணும் அண்ணி,” என்றேன்.

“பூசணியைப் பேப்பர் தராசுல போட்டா இப்படித்தான்,” என்றான் அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ஊரில் அண்ணிக்குப் ‘பேப்பர் தராசு’ என்று பெயர். அதன் பிறகு அவர் ஒரு விதைகூட ஊன்றவில்லை.

4

அன்றைக்கு, நடுவர் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போட்டோகிராபர் வந்தார். “அந்தப் பெரிய காயைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க சார்” என்றார். இரண்டு பேருமாகத் தூக்கி, ஓரத்தில் இருந்த காயையும் பெரிய காயையும் இடம் மாற்றி வைத்தோம். வளையங்களை மாற்றவில்லை. அட்டைகளையும்தான்.

சாயங்காலம் வைக்கோலைப் பெருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் சலூன்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

ஏனென்றால், முதலாவதாக, கண்காட்சியின் நற்பெயர்

ஏனென்றால் சலூன்காரரின் மனம்

[ஏனென்றால் மேஜைப் பொறுப்பு போய்விடும் என்று பயந்தேன். அதற்குச் சம்பளம்கூடக் கிடையாது.]

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணி வீட்டில்தான் சாப்பிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது. பதினொரு வருஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரம்கூடப் போகாமல் இருந்ததில்லை.

5

முடிவு ஒன்று: அண்ணி கண் கலங்கி மன்னிக்கிறார். [நடக்காது. கண் கலங்குவதற்கு முன் ஒற்றுப்பிழை பார்ப்பார்.]

முடிவு இரண்டு: சலூன்காரர் பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து அண்ணி கையில் கொடுக்கிறார். [அதில் சீப்பு போட்டு வைத்திருக்கிறார். பதினொரு வருஷ வழக்கத்தை விடுவாரா தெரியாது.]

மூன்றாவது முடிவு என் கையில் இல்லை. நாளை இந்தப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. முதலில் படிக்கப்போவது அண்ணிதான். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இப்படி எழுதுகிறேன் என்பதையும் அவரே கண்டுபிடித்துவிடுவார்.

அவர் வேண்டாம் என்று எடுத்துவிட்டால் இந்த இடத்தில் மாட்டுத் தீவன விளம்பரம் வரும். விட்டுவைத்தால் ஊரே படிக்கும். ஆகவே வாசகரே, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் முடிவு என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

அண்ணி, ஜெயித்தது உங்கள் காய்தான். தப்பு என்னுடையது.

[பிழை திருத்துபவர் குறிப்பு: ஒற்றுப்பிழைகள் பன்னிரண்டு திருத்தப்பட்டன. காயின் எடை நாற்பத்து மூன்று அல்ல, நாற்பத்து மூன்றரை. அன்றைக்கே சொன்னேன். எடையை உள்ளேயும் தலைப்பிலும் திருத்தாமல் விட்டிருக்கிறேன். தப்பு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியட்டும்.]