நூற்றுக்குப் பதினேழு

“அந்த மிஷின் என் கண்ணைப் பாத்துச்சா, இல்ல கண்ணோட படத்தைப் பாத்துச்சா?” என்று கேட்டார் ரசமட்டம்.

“படத்தைத்தான் ஐயா,” என்றார் டாக்டரம்மா.

“போட்டோவப் பாத்து மாட்டுக்கு வெல சொல்றவன் கதைதான்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். திருப்பி என்ன பயன்? அவருடைய இடக்கண் இருபது வருடத்துக்கு முன்பே மரச்சிராய் தெறித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த வலக்கண்ணில், எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஓர் அழுக்குத் திட்டு. பக்கத்தில் நின்ற மகன்தான் படித்துச் சொன்னான்.

“பதினேழுன்னு போட்டிருக்கு.”

விழித்திரையின் நடுவில் ஓட்டை. அறுவை செய்து, உள்ளே காற்றுக் குமிழ் விட்டு, பத்து நாள் குப்புறக் கிடந்தால் அது மூடலாம். மூடினாலும் பார்வை திரும்புமா என்பதைத்தான் அந்த மிஷினின் செயற்கை நுண்ணறிவு கணித்திருந்தது. நாற்பதாயிரம் கண்களின் படங்களையும், அறுவைக்குப் பிறகு அவை என்ன ஆயின என்பதையும் அதற்குக் காட்டிப் பழக்கியிருக்கிறார்களாம். இவர் கண்ணுக்குத் தீர்ப்புச் சொல்ல அதற்கு நான்கு விநாடி பிடித்தது. இது மாதிரி நூறு கண்ணை அறுத்தால் பதினேழு தேறும்.

“நாலே விநாடியா? மனுசன் கண்ணு, கத்திரிக்காயா?” என்று சீறினார்.

முப்பத்தெட்டு வருடம் மரவாடியில் அவர் செய்ததும் அதைத்தான். அறுத்துப் போட்ட பலகையை ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் நோட்டம் விடுவார். ஒரு மூச்சு. சாக்கட்டியால் ஒரு சாய்கோடு இழுத்தால் தேறியது. அதை வெட்டிக் குறுக்கே இன்னொன்று இழுத்தால் கழிவு. இரண்டாம் தடவை பார்க்கிற வழக்கமே கிடையாது. மட்டப்பலகை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டவனை அப்பன் பெயர் கேட்பார். அதனால், கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரில், வந்த பட்டப்பெயர்தான் ரசமட்டம். முன்னால் மரியாதைக்கு. பின்னால் அதையே வேறு தொனியில் சொல்வார்கள்.

“முன்னாடியே வந்திருந்தா எழுபதுக்கு மேல காட்டியிருக்கும். நேர்கோடெல்லாம் வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பதினோரு மாசம்,” என்றான் மகன்.

“அவ்வளவு சரியா எப்படிச் சொல்றீங்க?”

“எனக்குத்தான டாக்டர் தெரியும்.”

அந்த வாடியில் ரம்பத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான். பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, அவன் அறுத்த பலகையெல்லாம் வளையத் தொடங்கின. முப்பது பேர் பார்க்க ஒவ்வொன்றிலும் குறுக்குக் கோடு போட்டுக் கழித்தார். “நேராத்தான்பா இருக்கு, கை வெச்சுப் பாருங்க,” என்றான் மகன். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் அவர். வாடியே சிரித்தது. அன்றைக்கே அவனை ரம்பத்திலிருந்து இறக்கி மரத்தூள் மூட்டை கட்ட விட்டார். தூள் அவன் நெஞ்சுக்குள் இறங்கி, இப்போது பேசுவதற்கு முன் ஒருமுறை இருமிக்கொள்கிறான்.

புதிதாக ஓர் அறுப்புக்காரனைக் கொண்டுவந்தார். அவன் பலகையும் வளைந்தது. அப்போதே தெரிந்துவிட்டது அவருக்கு. வாயைத் திறந்தால் பெற்ற பிள்ளை முன்னால் தலை குனிய வேண்டும். திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒற்றைக் கோடாக இழுத்துத் தள்ளினார். உள்ளே ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது.

“தூக்கத்துல புரண்டாலும் திருப்பிப் படுக்க வைக்கணும். பக்கத்துல ஒருத்தர் இருந்தே ஆகணும். குப்புறக் கிடக்கலைன்னா பதினேழும் கிடையாது. வீட்டுல யார் இருக்காங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

மனைவி செத்து ஆறு வருடம். இருப்பது யார் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

“திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க,” என்றார் டாக்டரம்மா.

ஆட்டோவில் அவர்தான் முதலில் வாய் திறந்தார். “மிஷின் கெடக்கு விடு. பதினேழு பேர் தேறுறான்ல? அதுல நான் ஒருத்தனா இருக்கக் கூடாதா?”

மகன் இருமினான். “நீங்க எந்தப் பலகைக்காவது பதினேழு குடுத்திருக்கீங்களாப்பா?”

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மகன் சொன்ன வழியில் போய் மரவாடி வாசலில் நின்றது.

மகன் புது அறுப்புக்காரனை விலகச் சொன்னான். பன்னிரண்டடி மரம் ஒன்றை ஏற்றினான். ரம்பம் கத்தி ஓய்ந்ததும் பலகையைத் தூக்கி வந்து அவர் முன் மேடைமேல் போட்டான்.

“ரசமட்டத்துக்கே மட்டம் பாக்குறாங்கடோய்!” என்றான் மூட்டை தூக்குகிறவன். இந்த முறையும் வாடி சிரித்தது.

“நேரா, வளைவான்னு சொல்லுங்க. இத்தனை பேர் முன்னால. நேருன்னா பத்து நாள் உங்க தலைமாட்டுல கண்ணு மூடாம உக்காந்திருக்கேன். வளைவுன்னா வீட்டுக்குப் போலாம்,” என்றான் மகன்.

“பதினேழுக்காடா இவ்வளவு பேரம்?”

“உங்களுக்குப் பதினேழாவது இருக்கு. எனக்கு நீங்க என்ன வெச்சீங்க?”

அவர் குனிந்தார். பலகை நடுவில் நெளிந்து, திட்டுக்குள் போய் மறைந்து, அந்தப் பக்கம் கோணலாக வெளியே வந்தது. கட்டைவிரலை விளிம்பில் வைத்தார். முனையிலிருந்து முனைக்கு மெல்ல நடந்தார். விரல் எங்கும் ஏறவில்லை, இறங்கவில்லை. நூல் பிடித்த மாதிரி இருந்தது. பயல் இருமிக்கொண்டே அறுத்திருக்கிறான். அவருக்குப் பெருமை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

“சாக்கட்டி,” என்று கையை நீட்டினார்.

யாரோ கொடுத்தார்கள். சிரிப்பு நின்றது. அவர் பலகைமேல் ஒரு சாய்கோடு இழுத்தார். அவர் கையால் இழுத்த அந்தக் கோடும் அவர் கண்ணில் பாம்பாக வளைந்தது. மகன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அழுக்குத் திட்டு, இருமாமல், காத்துக்கொண்டிருந்தது. இத்தோடு விட்டால் தேறியது; குறுக்கே இன்னொன்று விழுந்தால் கழிவு. சாக்கட்டி இன்னும் மரத்தைவிட்டு எழவில்லை. கோட்டின் கடைசியில் ஊன்றி நின்ற அதிலிருந்து வெள்ளைப் பொடி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.