உப்புப் பார்க்காத பர்கர்

உப்புப் போட்டோமா இல்லையா, போட்ட ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது வெங்காயம் அரிந்து கொட்டியபோதா, அதற்கு முன்னாலா... இரண்டு தடவை போட்டிருந்தால் தீர்ந்தது கதை. கம்பிமேல் வேகிற நாலு கறிவட்டில் ஒன்றின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டால் தெரிந்துவிடும், போடக்கூடாது, படைக்கிற பண்டத்தை முன்னால் ருசி பார்க்கக்கூடாது, போனவன் வந்து சாப்பிட்ட பிறகுதான் இருக்கிறவர்களுக்கு. மனைவி நவமணி காலையிலிருந்து ஏழு பதார்த்தம் வைத்துவிட்டாள், எல்லாம் கை உப்புதான், முப்பது வருஷம் சமைத்த கை, அது பொய் சொல்லாது. சோமுவின் கைக்கு என்ன தெரியும், செம்பனைக் குலை ஏற்றிய தோட்டத்து லோரியின் ஸ்டியரிங் தெரியும், அதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் சரணுக்குப் பிடித்த பர்கரை, கொத்துக்கறிக்கு நடுவில் சீஸ் வைத்து மூடிச் சுடுகிற அந்தப் பர்கரை, இவர்தான் செய்யவேண்டும் என்றாகிவிட்டது. மகன் போய் இன்றோடு ஒரு வருஷம். டெங்கிக் காய்ச்சல், ஐந்தே நாள், இருபத்தேழு வயது. ஐந்து நாளில் ஒரு பிள்ளை இல்லாமல் போய்விட முடியும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார்?

நேற்று நவமணி என்ன சொன்னாள், "நீங்கதாங்க செய்யணும், நான் கவிச்சிய வாயில வச்சி ஆறு வருஷமாச்சு, அன்பரசி கட்டிக்கிட்டு ஜொகூருக்குப் போய்ட்டா, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அவன் சுட்டத சாப்புட்டது நீங்கதான, ஒங்களுக்குத்தான் ருசி தெரியும்." தலையை ஆட்டினார். வேறென்ன செய்வது, ஒரு வாய்கூடத் தின்றதில்லை என்று இப்போது, படையலுக்கு முதல் நாள், எப்படிச் சொல்வது? மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி மில்லில் வாங்கிக் கொடுத்த வேலை, அதை விட்டுவிட்டுத் தஞ்சோங் காராங் ரோட்டோரத்தில் பர்கர் விற்கப் போனான். ரோட்டுல நின்னு பன் பெரட்டவாடா ஒன்னைப் படிக்க வச்சேன் என்று கத்தினார், அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பாதி பீப்பாயில் கரி போட்டுப் புதிது புதிதாகச் செய்து பார்ப்பான், முதலில் வெந்ததைத் தட்டில் வைத்து, "அப்பா, சாப்புட்டுப் பாருங்கப்பா" என்று நீட்டுவான். வாங்கிக்கொள்வார். காற்று வாங்கிக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, அப்படியே நாய் கறுப்பனுக்குப் போட்டுவிடுவார். முதல் வாரம் கோபம், இரண்டாவது வாரமும் கோபந்தான், மூன்றாவது வாரம் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, ஆனால் அதற்குள் "நல்லாருக்குடா" என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டதே... வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டார். வைராக்கியமாவது ஒன்றாவது, வெறும் வீம்பு. பத்து மாதம், ஒரு ஞாயிறு விடாமல். அந்த ருசி தெரிந்த ஜீவன் இன்றைக்கு இந்த வீட்டில் நாய் ஒன்றுதான், அது கொய்யா மரத்தடியில் படுத்துத் தூங்குகிறது, அதனிடம் போய் உப்புச் சரியா என்று கேட்க முடியுமா?

அன்பரசி பெரிய தட்டோடு பின்வாசலுக்கு வந்தாள். கம்பிமேல் எட்டிப் பார்த்தாள், ஓரம் வெடித்து மஞ்சளாய் வழிந்துகொண்டிருந்தது. "எல்லாத்துலயும் சீஸாப்பா?" சீஸ்தானே, வேறென்ன. "அவனுக்கு சீஸ்தான்லா. ஒங்களுக்கு? பாலு, சீஸு எதுவும் ஒங்களுக்கு ஆவாதே. தீபாவளிக்கு வந்தப்ப பாத்தேனே, இது அப்பாவோடதுன்னு ஒன்ன மட்டும் தனியா வச்சி, உள்ள நெத்திலிச் சம்பல் அடைச்சான். வயித்த பெரட்டும்க்கா அவருக்குன்னான். மறந்துட்டீங்களா?" மறக்கலம்மா, அவனுக்குப் படைக்கிறதுதானேன்னு... வாய் தானாகச் சொன்னது, பொய்க்கு எவ்வளவு பழகிவிட்டது இந்த வாய். அவள் உள்ளே போய்க் கிண்ணத்தில் சம்பல் கொண்டுவந்து வைத்தாள். "ஒன்னு செஞ்சிருங்க. அதையும் எலையில வச்சிட்டு, அப்புறமா நீங்க சாப்புடலாம்."

தீபாவளி... அவன் காய்ச்சலில் படுப்பதற்கு மூன்று வாரம் முன்னால். மிச்சமிருந்த கறியைத் தட்டையாக்கி, நடுவில் சம்பலை வைத்து, இன்னொரு வட்டால் மூடி, ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். ஒட்டவில்லை, மறுபடி அழுத்தினார். இதை வாராவாரம் உட்கார்ந்து செய்திருக்கிறான், அப்பனுக்குச் சீஸ் ஆகாது என்று நினைத்து நினைத்து, இப்படி அழுத்தி... அழவேண்டும்போல இருந்தது, கையெல்லாம் கொழுப்பாக இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. கம்பிமேல் வைத்தார். சத்தமே வரவில்லை, கரி அடங்கிப்போயிருந்தது. பற்றவைத்துக் கொடுத்த மருமகன் கணேஸ்வரன் பன் வாங்க அசாம் ஜாவா கடைக்குப் போய்விட்டான், போனவன் வரக்காணோம். முட்டியைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு, தலையைப் பீப்பாயின் அடித்துவாரம் வரைக்கும் தாழ்த்தி ஊதினார். சாம்பல் பறந்தது, கரி சிவந்தது, சம்பல் வாசனை எழும்பியது. கறுப்பன் விழித்துக்கொண்டான். எழுந்து உடம்பை உதறினான், இவரிடம் வரவில்லை, நேராகத் தொட்டிப் பக்கம் போனான். எங்கே போகிறது இந்தச் சனியன் என்று குனிந்தபடியே தலையைத் திருப்பினார்.

தொட்டிக்கு அடியில் தெரிந்தது. நிற்கிறவனுக்கு நீலத் தொட்டி மட்டும்தான் தெரியும், சுவர்போல மறைத்துக்கொண்டு நிற்கும், ஆனால் அது நாலு இரும்புக் காலில் அல்லவா நிற்கிறது... அந்தக் கால்களுக்கு நடுவே, கவிழ்த்த வாளி, பக்கத்தில் கறுப்பன், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தட்டு வரும் என்று. இங்கே குனிந்து கரி ஊதுகிறவனுக்கு எல்லாம் தெரியும். இவருடைய கால் தெரிந்திருக்கும், கை தெரிந்திருக்கும், கையிலிருந்து விழுந்தது தெரிந்திருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊதுவான் அவன்? முதல் வாரமே தெரிந்திருக்குமா? தெரிந்துகொண்டுதானா காலியான தட்டை வாங்கிக்கொண்டு, "நல்லாருந்துச்சாப்பா" என்று கேட்டான்... தெரிந்த பிறகும் சம்பல் எதற்கு? நாய்க்குச் சீஸ் போட்டால் போதாதா? என்றைக்காவது ஒரு நாள் மனசு மாறித் தின்றுவிட்டால் அப்பனுக்கு வயிறு கெட்டுவிடக்கூடாதென்றா, அப்படி ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குத் தின்பார், இன்றைக்குத் தின்பார் என்றா... கரி நன்றாகவே பிடித்துக்கொண்டது, சோமுவுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"ஏங்க, வெந்துருச்சா? எலை போடப் போறேன்." நவமணி வாசற்படியில் நின்றாள். "அவன் செய்ற ருசி வந்துருக்குமாங்க?"

"தெரியல நவமணி. எனக்குத் தெரியாது."

"அதான் உப்புப் பாக்கக்கூடாதுல்ல, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சோமு இன்னும் குனிந்துதான் இருந்தார். கறுப்பன் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.