நான்காம் இயலில் ஓர் அழைப்பு

ஜவ்வாது மலையில் ஊர் ஊராக ஏறி இறங்கி, சாமை விதைப்புச் சடங்குகளைப் பற்றி ஆய்வேடு எழுதியது எனக்குப் பெரிய சிரமமாக இல்லை. எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக அடுக்கியதுதான் என் உயிரை வாங்கியது.

ஒரு படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடும். அட்டவணையை இழுத்து வந்தால் அடிக்குறிப்புகள் கோபித்துக்கொண்டு கிளம்பும். பக்க எண் பாதி வழியில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஜமுனாமரத்தூர் வீட்டில் அந்த மென்பொருளை நான் திட்டிய திட்டில், யாரோ பையனோடு போனில் சண்டை போடுகிறேன் என்று நினைத்து அம்மா கதவோரம் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

பல்கலைக்கழகம் இரண்டு முறை ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியது. உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓரம் கோணல், எண் தவறு என்று சிவப்பில் வட்டம் மட்டும் போட்டிருந்தார்கள். இந்தத் தடவையும் திரும்பினால் என் பதிவே காலாவதி. இத்தனை வருட உழைப்பும் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

வேறு வழியில்லாமல் மலையிறங்கி, ஆலங்காயத்தில் அஸீம் பாய் கடைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிற கடை. என் பென்டிரைவைத் திறந்து பார்த்தவர் தாடியைச் சொறிந்தார்.

“இன்னாம்மா இது, சந்தைக்கு வந்த ஆடு மாதிரி ஒண்ணொண்ணு ஒரு பக்கம் ஓடுது?”

“அதான் பாய் உங்ககிட்ட வந்தேன். இன்னிக்கே அனுப்பியாவணும்.”

“கவலப்படாத. நம்ம கடையில புது ஃபைலே தொறக்கமாட்டோம். தொறந்தா வம்பு. நல்லா உக்காந்த பழைய ஃபைல எடுத்து, உள்ள இருக்கறத அழிச்சிட்டு, உன்னுத ஊத்திட்டா முடிஞ்சிது.”

அவர் எடுத்தது சின்னராசு என்பவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. அதை அழித்து, தாளின் அளவை மாற்றி, என் ஆய்வேட்டை ஊற்றினார். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. படமும் அட்டவணையும் அடிக்குறிப்பும் நல்ல பிள்ளைகளாக அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

ஒரே ஒரு குறை. நான்காம் இயலின் தலைப்புக்குக் கீழே, ‘தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும்’ என்ற பழைய வரி ஒட்டிக்கொண்டிருந்தது. அஸீம் பாய் அதை அழித்தார். அடுத்த நொடி படங்கள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் போய்க் குவிந்தன. வரியைத் திருப்பி வைத்தார், எல்லாம் வந்துவிட்டன. மறுபடி அழித்தார், மறுபடி ஓடின.

“இந்த வரிதான் வூட்டத் தாங்குற தூணு போல. வுடும்மா, வெள்ளக் கலர் குடுத்துடலாம். இருக்கும், ஆனா தெரியாது.”

திரையில் வரி மறைந்தது. நிம்மதியாக அச்சடித்து, பைண்டு போட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, என் பிரதியோடு மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவில் ஆசையாக நான்காம் இயலைப் பிரித்தேன். கறுப்பு மையில், பளிச்சென்று, சுற்றமும் நட்பும் என்னை வரவேற்றார்கள்.

உடனே கடையைக் கூப்பிட்டேன். போனில் அஸீம் பாய், “ஸ்க்ரீன்ல இன்னும் வெள்ளையாத்தாம்மா கீது!” என்று சத்தியம் செய்தார். பல்கலைக்கழக ஆபீசில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று சாமிக்கு வேண்டிக்கொண்டேன்.

சாமி பாதி கேட்டது. ஆய்வேடு திரும்பி வரவில்லை, வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது. எங்கள் பக்கம் அது கல்யாணம் மாதிரிதான். சொந்தபந்தம் வேன் பிடித்து வரும். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அம்மா சாமைச் சோறும் பாயசமும் அண்டாவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அஸீம் பாய் ரம்ஜான் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வசந்தி அம்மையார் சிரிக்கத் தெரியாதவர் போலிருந்தார். சடங்குகளைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்டார். எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். பிறகு அவர் நான்காம் இயலைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“‘தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும்.’ யார் இவர்கள்?”

பட்டம் போயிற்று என்றே நினைத்தேன். அப்போது கடைசி வரிசையில் அம்மா கைகூப்பியபடி எழுந்தாள்.

“நாங்கதாங்கம்மா. நீங்க இருந்து சாப்ட்டுட்டுதான் போவணும்.”

அவளைப் பார்த்து வேனில் வந்த அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வசந்தி அம்மையார் ஒரு கணம் அவர்களையே பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார்.

“பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு திருத்தம். இந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.”

“ஐயோ, அது மட்டும் முடியாதுங்கம்மா!” என்று நானும் அஸீம் பாயும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அம்மையார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“சரி, இருந்துவிட்டுப் போகட்டும். சாப்பாடு எங்கே?”